மறியடி பிள்ளை!

பெல்ட்டைப் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே இருந்தது. சத்தியபாமா போடவில்லை.

"பாமா, உந்தச் சத்தம் காதைக் குடையுது. பெல்ட்டைப் போடும்," என்றார் தேவராஜா, வண்டியை மெரிலேண்ட்ஸ் பக்கம் திருப்பியபடி.

"கத்தட்டும். கத்துறதுக்கு இண்டைக்கு அதுக்காவது உரிமை இருக்கட்டும்."

"வீட்டை போவம் அம்மா, ப்ளீஸ்," என்றாள் பின்னால் இருந்த மயூரா. அவளுடைய வெள்ளைக் காற்சட்டை முழுவதும் செம்மண். விளையாடும்போது கட்டிய கால்மூடிகளைக்கூடக் கழற்றவில்லை.

"வீட்டை போகலாம். முதல் அவற்ர வீட்டை போட்டுப் போவம்."

'அவர்' என்றது யோகேஸ்வரனை. அன்று பின்னேரம் நடந்த பெண்கள் பேஸ்போல் இறுதிப் போட்டிக்கு அம்பயர் அவர்தான். அன்னியர் யாராவது அந்தத் தீர்ப்பைக் கொடுத்திருந்தால் சத்தியபாமா மைதானத்திலேயே நான்கு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். யோகேஸ்வரன் அன்னியர் இல்லை. மயூரா பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்குப் பந்தல் போட்டவர். இவள் சமைத்த கூழை இரண்டு கோப்பை கேட்டு வாங்கிக் குடிக்கிறவர். அதனால்தான் நான்கு வார்த்தை போதாமல் போய்விட்டது.

பேஸ்போல் பார்த்ததில்லையே என்று நீங்கள் பயப்பட வேண்டாம். சத்தியபாமாவும் மகள் விளையாடப் போன பிறகுதான் பார்த்தாள். விஷயம் சின்னது. பந்தை அடித்தவள் ஒவ்வொரு மூலையாக ஓடிச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். வந்தால் ஒரு புள்ளி. புறப்பட்ட இடத்தில் நிலத்தோடு நிலமாக ஒரு வெள்ளைப் பலகை பதித்திருக்கும். ஹோம் பிளேட் என்பார்கள். அதற்குக் காவல், முகமூடியும் பெரிய கையுறையும் போட்டுக் குந்தியிருக்கிற கட்சர். ஓடி வருகிறவள் பலகையை மிதிக்க முன்னர், கையிலுள்ள பந்தால் கட்சர் அவளைத் தொட்டுவிட்டால் அவுட். மயூரா கட்சர். அணியின் கப்டனும் அவள்தான்.

இரண்டு பக்கமும் புள்ளி சமன். கடைசிச் சுற்று. எதிரணிப் பெண் ஒருத்தி மூன்றாவது மூலையை மிதித்துத் திரும்பி, மயூராவை நோக்கிப் பாய்ந்து வருகிறாள். தூரத்திலிருந்து பந்தும் வருகிறது. ஓடியவளும் பந்தும் மயூராவும் ஒரே புழுதிக்குள் மோதினார்கள். புழுதி அடங்கியபோது பந்து மயூராவின் கையுறைக்குள் இருந்தது, கையுறை அந்தப் பெண்ணின் முழங்காலில் இருந்தது, அந்தப் பெண்ணின் கால் பலகைக்கு ஒரு சாண் இப்பால் இருந்தது.

அவுட்! சத்தியபாமா கதிரையைத் தள்ளிவிட்டுத் துள்ளினாள்.

ஆனால் யோகேஸ்வரன் கையை நீட்டி, "ஒப்ஸ்ட்ரக்‌ஷன்!" என்று கத்தினார். கையில் பந்து வந்துசேர முன்னரே ஓடுகிறவளின் வழியில் நின்றது குற்றம் என்று அர்த்தம். ஓடியவளுக்குப் புள்ளி. ஆட்டம் முடிந்தது. எதிரணிப் பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கும்மாளம் போட்டார்கள். கிண்ணம் அந்தப் பக்கம் போனது.

அதுகூடப் போகட்டும். காரில் ஏறும்போது அணியின் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதியிருந்ததைச் சத்தியபாமா பார்த்துவிட்டாள். 'மயூரா எங்களைத் தோற்கடித்துவிட்டாள்.' அதன் கீழே ஏழெட்டுப் பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். மறுத்து ஒருத்திகூட எழுதவில்லை. அந்த ஒரு வரிதான் அவளுக்கு நெஞ்சில் ஏறி நின்றது. அதை அழிக்காமல் இன்றைக்குப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

"புரொட்டெஸ்ற் போடு. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள போடலாம் எண்டெல்லோ கோச் சொன்னவ."

"அம்மா, அது ஜட்ஜ்மென்ற் கோல். அம்பயர் கண்ணால பாத்துச் சொன்னதை எதிர்க்க ஏலாது. ரூலைப் பிழையாப் பாவிச்சால் மட்டும்தான் எதிர்க்கலாம். எத்தினை தரம் சொல்றது?"

"அவர் கண்ணால பாத்த வடிவைத்தான் நான் கேக்கப் போறன்."

கதவைத் திறந்தது யோகேஸ்வரனின் மனைவி பவளம். "வாங்கோ பாமாக்கா, வாங்கோ. ரீ போடட்டோ?"

"ரீ குடிக்க நாங்கள் வரேல்லை."

யோகேஸ்வரன் வரவேற்பறையில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, இரண்டு காலையும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் சுடுநீருக்குள் வைத்திருந்தார். காலை ஆட்டங்களுக்கும் சேர்த்துப் பகல் முழுவதும் நின்ற கால். கிழமை நாட்களில் பல் கட்டும் கூடத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பொய்ப்பல் செய்கிற மனிதர். இவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். தண்ணீர் தளும்பிக் கம்பளத்தில் சிந்தியது. திரும்ப உட்கார்ந்தார்.

"இரும், இரும். ஓடித் தப்ப ஏலாமல் இருக்கிறது நல்லதுதான்," என்றாள் சத்தியபாமா. "இப்ப சொல்லும் யோகேஸ். என்ர பிள்ளை என்ன பிழை விட்டவள்?"

"அக்கா, அது விளையாட்டு. மைதானத்தில முடிஞ்சுபோச்சு."

"உமக்கு முடிஞ்சுபோச்சு. இவளின்ர போனில இன்னும் முடியேல்லை. பந்து இவளின்ர கையிலதானே இருந்தது?"

"கடைசியில இருந்தது. முதல்ல இருந்ததோ எண்டதுதானே கேள்வி."

"இருந்தது. நான் பாத்தனான்."

"நீங்கள் வேலிக்கு அங்கால இருந்தனீங்கள் அக்கா."

"வேலிக்கு அங்கால இருந்தாலும் கண் இஞ்சால இருந்தது!"

மயூரா சுவரோடு சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேவராஜா தொண்டையைச் செருமினார். "ஒரு வீடியோ இருக்கு. நான் போனில எடுத்தனான்."

"அதை ஏன் இவ்வளவு நேரமும் சொல்லேல்லை?" என்று சத்தியபாமா போனைப் பறித்தாள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முக்கியமான அந்தக் கட்டத்தில் தேவராஜாவும் துள்ளி எழும்பியிருக்கிறார். படத்தில் முதலில் கொஞ்சம் வானம், பிறகு புல், பிறகு அவருடைய வலது சப்பாத்து. எல்லாரும் குனிந்து அந்தச் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

"நல்ல வடிவான சப்பாத்து," என்றாள் பவளம்.

ஆனால் சத்தம் பிசகில்லாமல் பதிவாகியிருந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலாக ஒரு குரல்: "மறி! மறியடி பிள்ளை! விடாதை, மறி!" பிறகு 'டப்' என்று பந்து கையுறையில் விழுகிற ஓசை. பிறகு யோகேஸ்வரனின் "ஒப்ஸ்ட்ரக்‌ஷன்!"

அந்தக் குரல் யாருடையது என்று அந்த அறையில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தமிழ் விளையாட்டு விழாவில், ஐம்பது கடந்த பெண்களின் கிளித்தட்டில் சத்தியபாமாவின் அணிதான் வெல்லும். கோட்டில் நின்று கையை விரித்து, எதிராளியை ஒரு அடி உள்ளே விடாமல் மறிக்கிறதுதான் அந்த விளையாட்டு முழுவதும். அதில் பந்தும் இல்லை, பலகையும் இல்லை. மறித்தால் கெட்டிக்காரி. அங்கே விசில் ஊதி நடுவராக நிற்கிறவரும் இதே யோகேஸ்வரன்தான். இவளுடைய 'மறி' அவருக்கு அத்துப்படி.

"அதைத்தான் அக்கா நானும் கேட்டனான்," என்றார் யோகேஸ்வரன். சொல்லிவிட்டு உடனே பேசினைப் பார்த்தார்.

"என்னத்தைக் கேட்டனீர்?"

"மறி எண்டதை."

"அதுக்கு?"

யோகேஸ்வரன் கால் விரல்களைத் தண்ணீருக்குள் மடக்கி நீட்டினார். "ரெண்டு அம்பயர் நிக்கவேண்டிய மாட்ச். மற்றவருக்குக் காய்ச்சல், வரேல்லை. நான் தனிய. அந்தப் பிள்ளை மூண்டாவது மூலையை ஒழுங்கா மிதிக்கிறாவோ எண்டு பாத்துப்போட்டுத் திரும்ப, எனக்கு மயூரான்ர முதுகுதான் தெரிஞ்சுது. முதுகும் புழுதியும். கை தெரியேல்லை. பந்து முந்தியோ பிள்ளை முந்தியோ தெரியேல்லை."

"தெரியாமலே குடுத்தனீர்?"

"நீங்கள் கத்தினது தெளிவாக் கேட்டது. பந்தைக் கையில வைச்சிருக்கிறவளைப் பாத்து ஆராவது மறி எண்டு கத்துவினமோ? தொடு எண்டெல்லோ கத்துவினம்! நீங்கள் மறி எண்டு கத்தினால், அந்த நேரம் பிள்ளையின்ர கையில பந்து இல்லை. வழியில நிக்கிறா. அப்பிடித்தானே நினைக்கலாம்?"

சத்தியபாமா கோபப்பட்டு நீங்கள் பார்த்ததில்லை. முகம் சிவக்காது, கை நடுங்காது. குரல் மட்டும் ஒரு படி கீழே இறங்கும். அப்போதுதான் அவளுடைய வீட்டார் பயப்படுவார்கள்.

"பேஸ்போலைக் காதால பாத்தனீரோ, யோகேஸ்?"

"அக்கா..."

"பொறும். வெள்ளைக்காரன் ஒருத்தன் அம்பயரா நிண்டிருந்தால், என்ர மறி அவனுக்கு விளங்கியிருக்குமோ?"

"விளங்கியிராது."

"அவனும் முதுகைத்தான் பாத்திருப்பான். தெரியேல்லை எண்டால் அவுட் எண்டு சொல்லியிருப்பான். என்ர பிள்ளைக்குக் கப் கிடைச்சிருக்கும். எங்கட ஆள் நிண்டதால, தமிழ் தெரிஞ்ச ஆள் நிண்டதால, என்ர பிள்ளை தோத்தவள் எண்டு பேர் வாங்கிக்கொண்டு நிக்கிறாள். நல்ல நீதி. நல்லா இருக்கு!"

"நீங்கள் கத்தாமல் இருந்திருக்கலாமே பாமாக்கா," என்றாள் பவளம்.

"என்ன?"

"இல்லை, கேக்கிறன். அது பேஸ்போல். கிளித்தட்டு இல்லையே. அங்க நிண்டு ஆர் மறி எண்டு கத்தச் சொன்னது? இந்த மனுசன் வெயிலுக்க காலையிலயிருந்து நிண்டு, சம்பளமும் இல்லாமல்..."

"சம்பளம் இல்லாட்டி கண்ணும் இல்லையோ?"

"பவளம், நீ சும்மா இரு," என்றார் யோகேஸ்வரன்.

"பாமா, நீரும் சும்மா இரும்," என்றார் தேவராஜா.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் கணவரைப் பார்த்த பார்வையில் இரண்டு ஆண்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சத்தியபாமா மகளிடம் திரும்பினாள். "மயூரா, கேட்டனியெல்லோ? இது நீ சொன்ன ஜட்ஜ்மென்ற் இல்லை. இவர் பாக்கேல்லை. பாக்காமல், வேலிக்கு அங்கால ஒரு மனுசி கத்தினதைக் கேட்டுக் குடுத்தவர். ரூலில அப்பிடி இருக்கோ? இல்லை. இதுக்குப் புரொட்டெஸ்ற் போடலாம். போடு."

மயூரா கால்மூடியின் பட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டினாள்.

"வீட்டுக்க வைச்சு, சொந்தம் எண்டு நம்பிச் சொன்னதைக் கொண்டுபோய் லீக்கில சொல்லப் போறீங்களோ?" பவளத்தின் குரல் உடைந்தது. "இனி இவரை ஒரு மைதானத்திலயும் நிக்க விடாங்கள். சனி ஞாயிறு எண்டால் அந்த ஒண்டுக்காகத்தான் இவர் எழும்புறவர்."

"என்ர பிள்ளையும் அதுக்காகத்தான் எழும்புறவள்."

"பவளம், என்ர போனை எடு," என்றார் யோகேஸ்வரன்.

"ஏன்?"

"எடு எண்டுறன்."

அவர் லீக்கின் செயலாளர் கிரெக்கைக் கூப்பிட்டு, போனை எல்லாருக்கும் கேட்கும்படி மடியில் வைத்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

"கிரெக், கடைசிக் கோல். நான் அதைப் பார்க்கவில்லை."

"என்ன சொல்கிறாய், யோகி?"

"கட்சரின் முதுகுதான் தெரிந்தது. வெளியே இருந்து ஒருவர் எங்கள் மொழியில் 'வழியை அடை' என்று கத்தினார். அதைக் கேட்டுத்தான் கொடுத்தேன்."

மறுபக்கத்தில் நீண்ட பெருமூச்சு. ஏதோ ஒரு போத்தலை மேசையில் வைக்கிற சத்தம். "யோகி, யோகி... பார்வையாளர் கத்தினதை வைத்துத் தீர்ப்பா? அது செல்லாது. அந்த அணி கேட்டால் கடைசிப் பந்தைத் திரும்ப விளையாட வேண்டி வரும்."

சத்தியபாமா நிமிர்ந்தாள். கேட்டாயா என்பதுபோல் மகளைப் பார்த்தாள்.

"கட்சர் பக்கத்தில் இருக்கிறாளா?" என்று கேட்டார் கிரெக்.

"இருக்கிறாள்."

"மயூரா, நீயே சொல். எனக்கு வேறு சாட்சி இல்லை. பந்து வர முன்னர் அவளுடைய வழியில் நின்றாயா, இல்லையா?"

மயூரா சுவரை விட்டு நகர்ந்தாள். சத்தியபாமா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னாள்: "வாய் திறவாதை. தெரியேல்லை எண்டு சொல்லு. புழுதிக்க ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லு. காணும்."

"யாரோ பேசுகிறார்களே. அந்த அம்மா என்ன சொல்கிறா, யோகி?" என்றார் கிரெக்.

யோகேஸ்வரன் சத்தியபாமாவைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டிருந்தார்கள், ஐந்தாவது ஆள் அதைச் சொன்னவள். சத்தியபாமா கண்ணை எடுக்கவில்லை. சொல்லும் பார்ப்போம் என்று நின்றாள்.

"தெரியாது கிரெக்," என்றார் அவர். "காதால் கேட்டதை வைத்து இன்றைக்கு இனி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்."

மயூரா அம்மாவின் கையை மெதுவாகக் கழற்றினாள். "நின்றேன்," என்றாள் ஆங்கிலத்தில். "கோட்டில் நின்றேன். பந்து பிறகுதான் வந்தது. அவள் என்மேல் மோதின பிறகு வந்தது."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

"அப்படியென்றால் தீர்ப்பு சரி. முடிவு முடிவுதான். நன்றி மயூரா, நீ சொல்ல வேண்டியிருக்கவில்லை. யோகி, புதன்கிழமை கமிட்டிக்கு வா. உன்னைப்பற்றிப் பேசவேண்டும்." போன் நின்றது.

யோகேஸ்வரன் போனை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"உன்னை ஆர் கேட்டது?" என்றாள் சத்தியபாமா.

"கிரெக் கேட்டவர் அம்மா."

"கேட்டால் சொல்லுறதோ? கையில வந்த கப்பையெல்லோ தூக்கிக் குடுத்தனி! உன்னை அந்தளவு கேவலமா எழுதினவளுக்கு நீயே போய் ஓம், சரி எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்துப்போட்டு நிக்கிறாய்!"

"அவள் எழுதினது சரி. நான்தான் தோற்கடிச்சனான்." மயூராவின் குரலும் ஏறியது. "சீசன் முழுக்க கோச் சொன்னவ, பந்து இல்லாமல் கோட்டில நிக்காதை எண்டு. நான் தெரிஞ்சுதான் நிண்டனான். அவள் வாற வேகத்தைப் பாக்க, பந்துக்கு முதல் வந்திடுவாள் எண்டு தெரிஞ்சுது. விடக்கூடாது எண்டு போய் நிண்டனான். ஐ வாண்டட் இட் ஸோ பேட்லி, அம்மா. அங்கிள் பாக்கேல்லை எண்டது அங்கிளின்ர பிழை. நான் நிண்டது என்ர பிழை. ரெண்டையும் போட்டுக் குழப்பி எனக்குக் கப் வேண்டாம்."

சத்தியபாமா அந்த இடத்திலேயே ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"நான் கத்தினதாலயோ போய் நிண்டனி?"

மயூரா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற முகம் அது. பெற்றவளுக்குத் தெரியும்.

"நீங்கள் கத்தினதை நான் இப்ப வீடியோவிலதான் கேட்டனான்."

"அப்ப கேக்கேல்லையோ?"

"ஹெல்மெட் போட்டால் ஒண்டும் கேக்காது அம்மா. என்ர மூச்சுத்தான் கேக்கும்."

"எந்த மாட்சிலயும்?"

"எந்த மாட்சிலயும்."

சத்தியபாமா மழையில் குடை பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். தொண்டை கட்டி, அடுத்த நாள் வேலையில் பேச முடியாமல் சைகை காட்டியிருக்கிறாள். சக தாய்மார் காதைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததையும் பொருட்படுத்தியதில்லை. பிள்ளை அதைக் கேட்டுத்தான் ஓடுகிறாள், அதைக் கேட்டுத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஆருக்கடி கத்தினனான்?"

"எனக்கு," என்றார் தேவராஜா. "பக்கத்தில இருந்தது நான்தானே."

"எனக்கும் அக்கா," என்றார் யோகேஸ்வரன்.

பவளம் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். மயூராவின் தோள் குலுங்கியது, அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திராது. சத்தியபாமா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

"பல்லைக் காட்டாதேங்கோ. ஆரும் என்னோட பல்லைக் காட்டாதேங்கோ." எழும்பினாள். "யோகேஸ், உம்மில எனக்குக் கோவம் ஆறேல்லை. பிள்ளை நிண்டவளோ இல்லையோ, நீர் பாக்கேல்லை. பாக்காமல் கையை நீட்டினனீர். அதை நான் மறக்க மாட்டன்."

"ஓம் அக்கா."

"புதன்கிழமை உம்மை என்ன செய்வாங்கள்?"

"தெரியாது. இந்த சீசனோட நிப்பாட்டுவாங்கள் போலகிடக்கு."

"ஏன்? நீராத்தானே போன் அடிச்சுச் சொன்னனீர்? சொல்லாமல் விட்டிருந்தால் ஆருக்குத் தெரியும்?"

"அதுதான் முறை அக்கா."

"என்ன முறை? தனிய ஒருத்தரை வெயிலில நிறுத்திப்போட்டு, மற்றவன் வரேல்லை எண்டதுக்கு அவங்கள் என்ன பதில் சொல்லப் போறாங்கள்? அதைக் கேக்க ஆள் இல்லையோ?" குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. தேவராஜா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினார். "எத்தினை மணிக்குக் கமிட்டி?"

"ஏன் அக்கா?"

"எத்தினை மணிக்கு எண்டு கேட்டனான்."

"ஏழு மணிக்கு. ஆனா அங்க வெளி ஆக்கள் கதைக்கக்கூடாது. அமைதியா இருக்கவேணும்."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள் சத்தியபாமா. "மயூரா, அந்தக் கால்மூடியைக் கழட்டடி. வந்த வீட்டின்ர கம்பளம் முழுக்கச் செம்மண்."